அப்பா தலையாட்டிய கேள்வி

நாகேஸ்வரி அப்பாவின் நெற்றியில் மூன்றாவது தடவையாகத் திருநீறு பூசினாள். ஒட்டினால்தானே! பியூனரல் ஹோம்காரன் ரோஸ் நிறத்தில் ஏதோ மாவை அப்பி, மட்டக்களப்பில் முப்பது வருடம் பஸ் கொண்டக்டராக வெயிலில் கருகிய முகத்தை வெள்ளைக்கார மாப்பிள்ளையின் முகமாக்கி வைத்திருந்தான். பூசப் பூசத் திருநீறு உதிர்ந்து கோட்டுக் கழுத்தில் விழுந்தது.

"தண்ணி தொட்டுப் பூசு நாகேசு, நிக்கும்," என்றார் இராஜரட்ணம். அப்பாவின் தமையன் மகன் அவர். ஆண்பிள்ளை இல்லாத வீட்டில் கொள்ளிக் கடமை அவருக்குத்தான் வந்திருந்தது. "நாலு மணிக்கு ஹோலை விடவேணும். அதுக்குள்ள தேவாரம், வாய்க்கரிசி எல்லாம் முடியவேணும். விளங்குதா?"

"ஓம் அண்ணன்," என்றாள். கண் மட்டும் வாசலில் இருந்தது. டொக்டர் மெக்கே வருகிறார் என்று காலையில் ஒப்பீசிலிருந்து போன் வந்திருந்தது. வரவேண்டாம் என்று எந்த வாயால் சொல்வது? அவர் அவளுடைய முதலாளி. அப்பாவின் கண்ணில் புரை வெட்டியவரும் அவர்தான்.

எண்பத்தேழாம் ஆண்டு மாசி மாதம். ஸ்காபரோ முழுவதும் பனி கொட்டிக் கிடந்தது. வந்த சனம் பூட்சை உதறிவிட்டு அம்மாவின் கையைப் பிடித்தது, பிறகு இராஜரட்ணத்தை ஒதுக்குப்புறமாகக் கூட்டிப்போய், "என்ன வருத்தமாம்?" என்று கேட்டது. "நிமோனியா," என்றார் அவர். அவருக்கு அப்படித்தான் சொல்லியிருந்தார்கள். அப்பா கந்தப்போடியைக் கொண்டுபோனது காசநோய் என்பது அந்த மண்டபத்தில் அம்மாவுக்கும் மகளுக்கும் மட்டுமே தெரியும். முந்தாநாள் சுகாதாரப் பகுதித் தாதி வந்து இருவர் கையிலும் சோதனை ஊசி குத்திவிட்டு, வீட்டுக்கு வந்துபோனவர்களின் பெயர்களைக் கேட்டாள். நாகேஸ்வரி ஒருவரையும் விடாமல் எழுதிக் கொடுத்தாள். இனி எதை மறைத்து என்ன!

மறைக்கக் கூடாததை அவள் ஏற்கனவே மறைத்தாயிற்று. அதைத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான்.

அவளுக்கு வேலை நகரத்து ஆஸ்பத்திரியொன்றின் கண் ஆராய்ச்சிப் பிரிவில். டியூனிசியா, அல்ஜீரியா, மொரோக்கோ என்று வட ஆபிரிக்காவில் கண்புரை வெட்டியவர்களின் படிவங்கள் அங்கே கட்டுக்கட்டாக வரும். பிரெஞ்சில் இருப்பதைப் பார்த்துக் கொம்பியூட்டரில் பதிய வேண்டும். பதினோராவது கேள்வி, முன்பு காசநோய் இருந்ததா என்பது. வெட்டிய பிறகு கண் வீங்கினால் ஸ்டீரோயிட் குளிசை கொடுப்பார்கள். அந்தக் குளிசை நெஞ்சில் உறங்கிக் கிடக்கும் பழைய நோயைத் தட்டி எழுப்பிவிடக்கூடும். டொக்டர் மெக்கேயின் ஆராய்ச்சியே அந்த ஒரு கேள்வியைச் சுற்றித்தான். நாலு வருடமாக அதற்கு ஓம், இல்லை என்று தட்டித் தட்டி அவளுடைய விரலே அதை மனப்பாடம் செய்திருந்தது.

ஒருநாள் தேத்தண்ணி வேளையில், "உங்கள் நாட்டிலும் இது அதிகமா?" என்று டொக்டர் சும்மா கேட்டார். "இல்லை டொக்டர், எங்கள் பக்கம் படித்த சனம்," என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். என்ன வாய் அது! அவளுக்கு ஆறு வயதாக இருந்தபோது அப்பா பதினாலு மாதம் நெஞ்சாஸ்பத்திரியில் கிடந்தவர். அவருக்கு அதில் துளி வெட்கமும் இருந்ததில்லை. பஸ்ஸில் ஏறுகிறவனிடமெல்லாம், "கசம் வந்து பாடையில ஏத்த இருந்த ஆள் நான். இப்ப எப்பிடி நிக்கிறன், பார்!" என்று நெஞ்சைத் தட்டிக் காட்டுவார். வெட்கமெல்லாம் மகளுக்குத்தான். வகுப்பில் அவள் பக்கத்தில் இருக்கமாட்டோம் என்று வாங்கை விட்டு எழும்பிப் போன பிள்ளைகளின் பெயர்கூட அவளுக்கு இன்னும் ஞாபகம். கனடாவுக்கு எடுத்த எக்ஸ்ரேயில் தெரிந்த வடுவைச் சின்ன வயது நிமோனியா என்று எழுதுவித்ததும் அவள்தான். "உதில என்ன புள்ள வெட்கம்?" என்று அப்பா அன்றைக்கே ஏசினார்.

போன ஐப்பசியில் அப்பாவைக் கண் காட்டக் கூட்டிப்போனாள். தன்னிடம் வேலை செய்பவளின் தகப்பன் என்று டொக்டர் தானே பார்க்க முன்வந்தார். படிவத்தை ஒவ்வொன்றாகக் கேட்டு நிரப்பிக்கொண்டு வந்தவர் பதினோராவதில் நிமிர்ந்து, "இதை உன் அப்பாவிடம் கேட்கத் தேவையில்லை, என்றாலும் கேட்டுவிடு," என்று கண் சிமிட்டினார். படித்த சனமல்லவா! நாகேஸ்வரியின் முகம் கொதித்தது. இத்தனை நாளும் தான் பதிந்துவந்த அந்தத் தூரத்துச் சனத்தோடு தன் அப்பாவும் ஒரு வரியாகப் போய் உட்காருவதா?

"என்ன புள்ள கேக்கிறார்?" என்றார் அப்பா.

"சுருட்டுப் பத்துறனீங்களோ எண்டு கேக்கிறார்."

"சீச்சீ!" அப்பா சிரித்துக்கொண்டு, தலையை இரண்டு பக்கமும் வெட்டி வெட்டி ஆட்டினார். டொக்டரும் சிரித்துவிட்டு 'இல்லை' என்ற கட்டத்தில் கோடு போட்டார்.

அரை நிமிடக் காரியம். பொய்யைத் தன் வாயால் சொல்லவும் துணிவில்லாமல், அந்த மனிதனின் தலையைக் கொண்டு சொல்ல வைத்தாள். மத்தியானம் தனியே போய்த் திருத்திச் சொல்லிவிடலாம் என்று நினைத்தாள். மத்தியானம் போயிற்று, கிழமையும் போயிற்று.

வெட்டிய கண் சிவந்து வீங்கியது. குளிசை வந்தது. போத்தலில் இருந்தது அவள் படிவங்களில் படித்த அதே பெயர். பாவி, அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம்! முப்பது வருடத்துப் பழைய கதை, செத்துப்போன நோய் என்று தன்னைத் தானே தேற்றிக்கொண்டு காலையும் மாலையும் தன் கையாலேயே எடுத்துக் கொடுத்தாள். மார்கழியில் அப்பாவுக்குக் காய்ச்சல் பிடித்தபோது டொக்டருக்குப் போன் எடுத்தாள். அவர் குரலைக் கேட்டதும் அடுத்த முறை எப்போது வரவேண்டும் என்று விசாரித்துவிட்டு வைத்தாள். தை பிறந்தபோது அப்பாவுக்குக் கோப்பையைப் பிடிக்கவும் பலமில்லை. ஆஸ்பத்திரியில் சளியைப் பார்த்துக் காசநோய் என்று சொன்னபோது எல்லாம் பிந்திவிட்டது.

"நாகேசு, ஆரோ வெள்ளைக்காரர்," என்றார் இராஜரட்ணம்.

டொக்டர் மெக்கே கோட்டைக் கதிரையில் போட்டுவிட்டுப் பெட்டியருகே போய்த் தலை குனிந்து நின்றார். பிறகு அம்மாவிடமும் அவளிடமும் வந்தார். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"ரிப்போர்ட்டைப் பார்த்தேன். அன்றைக்கு நானே கேட்டேன்," என்றார் நாகேஸ்வரியிடம். "உனக்கும் ஞாபகம் இருக்கும். எவ்வளவு உறுதியாகத் தலையாட்டினார்! வெட்கப்பட்டிருப்பார், பாவம். நீ உன்னை நோகாதே." கொஞ்சம் நிறுத்தினார். "இதை நான் எழுதத்தான் வேண்டும். பெயர் வராது. கேட்டபோது நோயாளி மறுத்தார் என்று ஒரு வரி. மற்ற டொக்டர்மாராவது வாய்ப்பேச்சை மட்டும் நம்பாமல் இருப்பார்கள்."

அவர் எழுதுவதையெல்லாம் கொம்பியூட்டரில் பதிந்து கொடுப்பவள் அவள்தான்.

"என்ன மகள் சொல்லுறார்?" என்றாள் அம்மா.

அனுதாபம் சொல்கிறார் என்றால் முடிந்துவிடும். அந்தச் சொல் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. சீ, இந்த மனிதன் பெட்டிக்குள் கிடக்கும்போதுமா! அவள் வார்த்தை வார்த்தையாகச் சொன்னாள்.

"கசம் இருந்ததோ எண்டு அப்பாட்ட முந்தியே கேட்டவராம். அப்பா இல்லையெண்டு தலையாட்டினவராம். வெட்கத்தில மறைச்சுப்போட்டாராம்."

"இவரோ?" அம்மா பெட்டியைத் திரும்பிப் பார்த்தாள். "இவரோ மறைச்சவர்?"

அம்மா மகளின் பக்கம் திரும்பினாள்.

"அண்டைக்கு நீதானே கூடப் போனனீ?"

"ஓம்."

"நீதானே கேட்டுச் சொன்னது?"

"ஓம் அம்மா."

அம்மா அவளையே பார்த்துக்கொண்டு நின்றாள். இத்தனை சனத்துக்கும் முன்னால் கன்னத்தில் ஒரு அறை விழுந்தால் எவ்வளவு ஆறுதலாக இருக்கும் என்று நாகேஸ்வரிக்கு இருந்தது. விழவில்லை. அவள் டொக்டரின் பக்கம் திரும்பினாள்.

"டொக்டர், நான் உங்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். அன்றைக்கு..."

அம்மாவின் கை அவள் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தது. கோயில் பக்கத்துச் சேர்ச் ஒன்றில் ஒரு வருடமாக இங்கிலிஷ் வகுப்புக்குப் போனவள் அம்மா. வெள்ளைக்காரர் முன்னால் அதுவரை ஒரு சொல்லும் பேசியதில்லை.

"யெஸ் டொக்டர்," என்றாள் அம்மா. "மை ஹஸ்பண்ட்... ஹி ஷேம். நோ டெல். சொறி, டொக்டர். வெரி சொறி."

டொக்டர் அம்மாவின் கையைத் தன் இரு கைகளிலும் எடுத்துக்கொண்டார். அவரில் பிழையே இல்லை, இது எத்தனையோ பேர் செய்வதுதான் என்று திரும்பத் திரும்பச் சொன்னார். பிறகு நாகேஸ்வரியைப் பார்த்து, "ஏதோ சொல்ல வந்தாயே?" என்றார்.

அம்மா மணிக்கட்டை விட்டுவிட்டாள். மகளின் முகத்தைப் பார்க்கவில்லை. "டொக்டர்ட கோட்டை எடுத்துக் குடு மகள். அவருக்கு நேரமாகுது."

"வந்ததற்கு நன்றி, டொக்டர்," என்றாள் நாகேஸ்வரி.

கோட்டில் பனி உருகி ஈரமாக இருந்தது. அவள் பின்னால் நின்று அதை விரித்துப் பிடித்தாள். டொக்டரின் வலக்கை நுழைய வழி தெரியாமல் இரண்டு முறை தடுமாறியது. அவருடைய தோளுக்கு மேலாக அவளுக்கு அம்மா தெரிந்தாள். அம்மா பெட்டியருகே போய்க் குனிந்து, அப்பாவின் காதோடு வாயை வைத்து ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். சொல்லி முடிகிற மாதிரி இல்லை. தேவாரம் தொடங்க வந்த இராஜரட்ணம் புத்தகத்தை விரித்தபடி பக்கத்தில் காத்து நின்றார்.