வெறும் வயிற்று நீர்

1.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதை பயத்தில் பிறந்தது. நான் யாழ்ப்பாணத்தில் ஓர் ஆய்வுகூடத்தில் குளிசை, அதாவது மாத்திரை, கரைப்பவள். செயற்கைக் குடல்நீரை உடற்சூட்டில் வைத்து, குளிசையைப் போட்டு, எவ்வளவு நேரத்தில் எவ்வளவு கரைகிறது என்று அளப்பேன். என் கணவர் கதிரவேலு சுன்னாகத்தில் வெங்காய வியாபாரி. அவருடைய நுரையீரலில் பங்கசு, பூஞ்சைத் தொற்று; அதற்குத் தினமும் குளிசை. நல்லூர்த் திருவிழா முடிந்த கிழமை பெரிய டொக்டர் சொன்னார்: "இரத்தத்திலை மருந்தே இல்லை. சொன்னபடி குடிக்கேல்லையோ? இனி ஒப்பரேசன்தான்."

இவர் தலையைக் குனிந்துகொண்டார். நானும் வாய் திறக்கவில்லை.

2.

கதையை இப்படித் தொடங்கிப் பார்த்தேன்: "வெங்காயத் தூசி படிந்த நெஞ்சுக்குள்..." (சீ, நாடகம்.)

"சாருஜாவுக்கு அன்று வேலையில்..." (சாருஜா யார்? என் பெயரை மறைக்கப் பார்த்தேன். நான் உதயகலா.)

மருந்துக் கொம்பனி ஏமாற்றிவிட்டது என்றுதான் எழுத உட்கார்ந்தேன். வில்லன் இருந்தால் கதை ஓடும். அவருடைய மிச்சக் குளிசைகளை, அனுமதி கேட்டு, ஆய்வுகூடத்துக்குக் கொண்டுபோனேன்.

3.

எங்களிடம் இரண்டு நீர்கள். ஒன்று வெறும் வயிறு. மற்றது சாப்பிட்ட வயிறு. அதில் கொழுப்பும் பித்த உப்பும் கூட. இரண்டாவதில் குளிசை அழகாகக் கரைந்தது. முதலாவதில் உடைந்து தூளாகி, ஒரு மணித்தியாலம் கழிந்தும் தூளாகவே சுற்றிக்கொண்டிருந்தது.

குளிசையில் குறையில்லை; வில்லன் போய்விட்டான். அளவு எழுதிய தாளை மடித்து ஒளித்தேன், ஏனென்றால்

(இந்த வசனத்தை மூன்று நாளாக முடிக்க முடியவில்லை.)

4.

திருவிழா இருபத்தைந்து நாளும் அவர் விரதம். மத்தியானப் பூசை முடிந்துதான் சோறு. குளிசையோ விடியற்காலை, வெறும் தேத்தண்ணியோடு. உறையில் 'சாப்பாட்டுக்குப் பின்' என்று இருந்தது. அதை வாசித்தும், நேரம் தவறக்கூடாதென்று எடுத்துக் கொடுத்தவள் நான். நாள் முழுக்க இரண்டு வயிறுகளையும் அளக்கிற நான்! ஏச்சு மட்டும் அவருக்கு.

5.

வெறும் வயிற்றில் குடித்த விஷயத்தை டொக்டரிடம் சொன்னேன். ஒப்பரேசனைத் தள்ளிவைத்தார். சோறும் தேங்காய்ப்பால் சொதியும் சாப்பிட்ட கையோடு குளிசை, மூன்று கிழமை, இருபத்தொரு நாளும்.

(ஒரு வரைவில் அவர் செத்துப்போகிறார். சோகம் என்றால் நம்மவர்கள் பாராட்டுவார்கள். இரண்டு வரியிலேயே கிழித்துவிட்டேன்.)

நேற்று முடிவு வந்தது. இரத்தத்தில் மருந்து வேண்டிய அளவு ஏறிவிட்டது. ஒப்பரேசன் தேவையில்லை. அப்பாடா! ஆசுபத்திரி வாசலிலேயே நின்று அழுதேன்.

6.

இன்று நான்காம் பகுதியை அவருக்கு வாசித்துக் காட்டினேன்.

"இஞ்சேரப்பா, என்ரை பிழைதான். நீங்கள் ஏச்சு வாங்கேக்கை பேசாமல் நிண்டிட்டன்."

அவர் சிரித்தார். "உறையிலை இருந்ததை நானும் வாசிச்சனான்."

"என்ன?"

"சொன்னால் விரதத்தை விடச்சொல்லுவாய் எண்டு பேசாமல் இருந்தனான்."

கதை எழுதிய கொப்பியால் அவர் முதுகில் ஒன்று போட்டேன். பிறகு இரண்டு பேருக்கும் சிரிப்பு அடங்கவில்லை.

இனி யாரைக் குற்றவாளியாக்குவது என்பதை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். சோறு வெந்துவிட்டது, அவருக்குக் குளிசை நேரம்.