வெள்ளையும் மஞ்சளும்

“பெட்டிக்குள்ள வைக்கிறதுக்கு முன்னாடி அதை ஒரு தடவை ஆன் பண்ணுங்க, சார்” என்றாள் அவள்.

கூடத்தின் நடுவே அப்பாவின் சவப்பெட்டி இருந்தது. அம்மா தலையை நிமிர்த்தவில்லை. மாமா அவளை எரித்துவிடுவதுபோலப் பார்த்தார். காலையிலிருந்து படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்: முதலாளி வருவாரு, வந்தா கும்பிடு, அழணும்னா அழு, விமானத்தைப் பத்தி மட்டும் ஒரு வார்த்தை கேட்டுடாதே.

முதலாளி இரண்டு கையாலும் ரிமோட்டை ஏந்தி நின்றார். கனமான கறுப்பு ரிமோட். இரண்டு குச்சிகள், நடுவே உள்ளங்கையளவு திரை. அதை அப்பாவின் வலக்கைப் பக்கம் வைத்துப் புதைத்துவிட வேண்டும் என்பது அவருடைய ஆசை. வந்தவுடனேயே எல்லோர் காதிலும் விழும்படி சொல்லியிருந்தார்: “நேத்து அந்த நிமிஷம் ஆஃப் பண்ணினது. அதுக்கப்புறம் இதைத் திறக்கவே மனசு வரலை. இனிமே இது அவரோடவே போகட்டும்.” பக்கத்து வீட்டு அக்கா விம்மிவிட்டாள். யாருக்கு வரும் இந்த மனசு என்றார்கள்.

அப்பா, முதலாளியின் மரச்சாமான் தொழிற்சாலையில் தச்சர். ஞாயிற்றுக்கிழமைகளில் முதலாளியின் விமானங்களுக்குத் தச்சர். விமானம் என்றால் பிள்ளைகள் விடுகிற காகித ராக்கெட் இல்லை. நாலு மீட்டர் இறக்கை, பெட்ரோல் எஞ்சின், இருபத்தைந்து கிலோ. வேனில் ஏற்ற இரண்டு ஆள் வேண்டும். மெல்லிய மரத்தை எலும்பு எலும்பாக அறுத்து, ஒட்டி, மேலே துணி போர்த்தி, ‘வெள்ளை’ என்று பெயர் வைத்த விமானத்தைக் கட்டி முடிக்க அப்பாவுக்கு ஒன்றரை வருஷம் ஆனது. அதற்கு முந்தியது மஞ்சள். தரையில் நின்று ரிமோட்டால் பறக்கவிடுவது முதலாளி, கைதட்டல் வாங்குவதும் முதலாளி. ஓடுபாதை ஓரமாக நின்று “இன்னொரு தரம் பாத்துடலாம், சார்” என்பது மட்டும் அப்பாவின் பங்கு. குச்சியை இடது பக்கம் தள்ளினால் இடது இறக்கையின் பின்னோரத்தில் அசைகிற மடல் மேலே எழ வேண்டும். வலது பக்கம் தள்ளினால் வலது மடல். சரியாக இருந்தால்தான் கட்டைவிரலைக் காட்டுவார். மைதானத்தில் அவருக்குப் பெயரே ‘இன்னொருதரம்’ தான்.

அந்த ‘இன்னொருதரம்’ கவனக்குறைவால் செத்தார் என்று காவல் நிலையத்தில் எழுதியாகிவிட்டது. மடலை அசைக்கிற கம்பியை அவர் தலைகீழாக மாட்டிவிட்டாராம். கிளம்பும்போது இடது பக்கம் சாய்ந்த விமானத்தை முதலாளி வலது பக்கம் திருப்பினாராம். அது இன்னும் இடது பக்கமே கவிழ்ந்து, ஓரத்தில் நின்றவர் மார்பில் பாய்ந்ததாம். சொன்னவர் முதலாளி. சாட்சிக் கையெழுத்து மாமா. நொறுங்கிய வெள்ளை இருட்டுவதற்குள் தொழிற்சாலைக் கிடங்குக்குப் போய்விட்டது.

தன் வினைதான் அவனைக் கொன்றது என்று ஊரையே சொல்ல வைத்துவிட்டு, இப்போது முதலாளி பூவும் ரிமோட்டுமாக வந்து நிற்கிறார்.

“எதுக்கும்மா ஆன் பண்ணணும்?” என்றார் முதலாளி.

“ஒண்ணும் இல்லை சார். பார்க்கத்தான்.”

“ஏய், புத்தி கெட்டுப்போச்சா உனக்கு? நாலு எழுத்து படிச்சிட்டா யாருகிட்ட பேசுறோம்னு தெரியாதா?” என்றார் மாமா.

“நாலு எழுத்து படிச்சதாலதான் மாமா, இதோட இங்கிலீஷ் புத்தகத்தை அப்பாவுக்குப் படிச்சுச் சொன்னேன். நூத்தி அறுபது பக்கம். உங்க முதலாளி அட்டையைக்கூடத் திறக்கலை.”

பொய்யில்லை. அந்த வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிப் பட்டம் வாங்கியவள் அவள். அதை வைத்து அவள் செய்த முதல் உருப்படியான காரியம் அதுதான். அவள் படிக்கப் படிக்க அப்பா ஒவ்வொன்றாக அழுத்தினார். அந்த ஒரே ரிமோட் பல விமானங்களை நினைவில் வைத்துக்கொள்ளும். எதை ஓட்டுகிறோமோ அதன் பெயரைத் திரையில் தேர்ந்தெடுக்க வேண்டும். மஞ்சளின் உள்ளே இடம் போதாமல், மடலை அசைக்கிற மோட்டார்களை மல்லாத்தி மாட்ட வேண்டியிருந்ததால், அதற்கு மட்டும் ரிமோட்டில் இடம் வலத்தை மாற்றி வைத்தார்கள். மஞ்சளின் பெயரில் வெள்ளையை ஓட்டினால், வலது பக்கம் திருப்புவது இடது பக்கம் திருப்புவதாகிவிடும். அணைத்துத் திறந்தாலும் கடைசியாக இருந்த பெயரே வந்து நிற்கும்.

கையை நீட்டி ரிமோட்டைப் பிடித்தாள். அவர் விடவில்லை. இழுத்தாள். சாவு வீட்டில், நாலு பேர் பார்க்க, ஒரு பெண்ணோடு இழுபறி போட்டால் நன்றாக இருக்காது என்று முதலாளிக்குத் தெரியும். விட்டுவிட்டார்.

பொத்தானை அழுத்தினாள். கீச்சென்று ஒரு சத்தம். திரை வெளுத்து, எழுத்து வந்தது.

“மாமா, நீங்களே படிங்க. சாட்சிக் கையெழுத்து போட்டவராச்சே.”

மாமா எட்டிப் பார்த்தார். முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

“மஞ்சள்னு இருக்கு” என்றாள். “நேத்து மஞ்சள் பறக்கவே இல்லையே, சார்.”

“விருந்தாளிங்க வந்திருந்தாங்கம்மா. சும்மா அதோட இறக்கையை ஆட்டிக் காமிக்கச் சொன்னாங்க. ரெண்டே நிமிஷம்தான்...” முதலாளி சட்டென்று நிறுத்திக்கொண்டார்.

“அப்பா வெள்ளையைப் பார்த்துக் கட்டைவிரல் காட்டினதுக்கு அப்புறமா?”

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

“இன்னொரு தரம் பாத்துடலாம்னு சொன்னாரா, இல்லையா?”

“எல்லாரும் காத்துக்கிட்டு நின்னாங்க” என்றார், கண்ணாடியிடம் சொல்வதுபோல.

பக்கத்து வீட்டு அக்கா விம்மலை நிறுத்திவிட்டு அவரையே பார்த்தாள்.

“அதை அணைச்சுடுடி.” அம்மாவின் குரல் தரையிலிருந்து வந்தது. “உங்க மாமன் அங்கதான் வேலை பாக்குறான். அவரு போயிட்டாரு. யாரு மேல தப்பு இருந்தா என்ன?”

“அப்பா மேல தப்பு இல்லைம்மா. அதுதான் என்ன.”

முதலாளி கண்ணாடியை மாட்டிக்கொண்டார். குரல் பழைய குரலாகிவிட்டது. “உனக்கு ஆபீஸ்லயே ஒரு நல்ல வேலை போட்டுத் தரேம்மா. எழுதினதை இனிமே மாத்தினா எல்லாருக்கும் சங்கடம்.”

“எங்களுக்கு நேத்தே ஆயிடுச்சு, சார். மிச்சம் இருக்கிறது நீங்க மட்டும்தான்.”

“பன்னெண்டு மணிக்கு வண்டி வந்துடும்” என்று மாமா குறுக்கே வந்தார். குரலில் அதட்டல் குறைந்து கெஞ்சல் ஏறியிருந்தது. “அப்பனை வழியனுப்பாம எங்கடி கிளம்புறே?”

“காவல் நிலையத்துக்கு. நான் வர்ற வரைக்கும் வண்டி நிக்கட்டும். நிக்கலைன்னா போகட்டும்.”

பெட்டியருகே குனிந்தாள். நன்றாகத்தான் கழுவியிருந்தார்கள். ஆனாலும் அப்பாவின் நகக்கண்ணில் காய்ந்த பசை போகவில்லை. யாரோ சுரண்டிப் பார்த்து விட்டிருந்தார்கள். பிறகு ரிமோட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நிமிர்ந்தாள். மாமா வழியில் நின்றார். அவள் நின்று பார்த்தாள். விலகினார்.

வாசலில் செருப்புகள் மலையாகக் குவிந்து கிடந்தன. தன்னுடையதைத் தேடினாள், அகப்படவில்லை. காலுக்குத் தட்டுப்பட்ட இரண்டில் நுழைத்துக்கொண்டு இறங்கினாள். இரண்டுமே வலது கால் செருப்பு என்று தெருமுனை திரும்பியபிறகுதான் உறைத்தது. வெயில் ரோட்டுத் தாரை இளக்கிக்கொண்டிருந்தது. அவள் நடையைக் குறைக்கவில்லை.