படமாகப் போடுங்கள்

சாப்பாட்டு மேஜையில் நாலு போன்களும் ஒன்றாகச் சிணுங்கின. மூன்று அதோடு அடங்கிவிட்டன. பெரியவளின் போன் மட்டும் வாயைத் திறந்து, "நம்ம குடும்பம். சித்தப்பா. படம்," என்றது.

அப்பாவின் கரண்டி தட்டிலேயே நின்றுபோனது. அம்மா நிறைந்திருந்த டம்ளரில் மறுபடி தண்ணீர் ஊற்றினாள்.

"என்ன படம்டி?" என்று தங்கையைக் கேட்டாள் பெரியவள்.

"பூ, அக்கா. குட் மார்னிங் படம்."

"ராத்திரிலயா குட் மார்னிங்?"

"சித்தப்பாவுக்கு என்னிக்குக்கா நேரம் காலம் தெரிஞ்சிருக்கு?" என்று சமாளித்தாள் சின்னவள். அம்மா அளவுக்கு மீறிச் சிரித்தாள்.

பெரியவளுக்குச் சின்ன வயதில் வந்த காய்ச்சல் கண்களைக் கொண்டுபோய்விட்டது. அதற்குப் பிறகு அவளுக்குக் கண்ணாக இருந்தவள் சின்னவள்தான். பேசும் போன் வாங்கிய அன்று நாள் முழுக்கப் பக்கத்தில் உட்கார்ந்து, பத்துக் குரல்களைப் போட்டுக் காட்டி, ஒன்றைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்ததும் அவள்தான். ஒரு தட்டுத் தட்டினால் இருப்பதைச் சொல்லும், இரண்டு தட்டுத் தட்டினால் திறக்கும். "இனிமே என் ரகசியத்தைக்கூட நீயே படிச்சுக்கலாம்," என்று அன்றைக்கு அவள் கேலி செய்தாள். "எங்க சின்னவ போட்டுக் கொடுத்தது," என்று பெரியவள் அந்தப் போனை ஊருக்கெல்லாம் காட்டிப் பெருமை அடித்தாள்.

எழுத்தாக வந்தால் மடமடவென்று படித்துவிடும் போன், படமாக வந்தால் "படம்" என்று சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ளும். முன்பெல்லாம் சின்னவள் ரசித்து ரசித்து விவரிப்பாள். மாமா தொப்பையை இழுத்துப் பிடித்துக்கொண்டு நிற்கிறார், அத்தை கண்ணை மூடிவிட்டாள் என்று ஒன்றுவிடாமல் சொல்வாள். கொஞ்ச நாளாக எதைக் கேட்டாலும் பூதான். குடும்பத்துக்கே திடீரென்று பூப்பைத்தியம் பிடித்துவிட்டது என்று பெரியவளும் நம்பினாள்.

"ஞாயித்துக்கிழமை சித்தி வீட்டுல போய் இருந்துட்டு வாயேன்," என்றாள் அம்மா. "பாவம், முட்டி வலில எழுந்திருக்க முடியலையாம். துணைக்கு ஆள் வேணுமாம்."

பெரியவளுக்குத் தலைகால் புரியவில்லை. ஆஸ்பத்திரியில் போன் எடுக்கும் வேலைக்குப் போய்வந்தாலும், வீட்டைப் பொறுத்தவரை அவளுக்குத்தான் எப்போதும் துணை தேட வேண்டும். முதல்முறையாக ஒருவருக்கு அவள் துணை. பையைத் தானே அடுக்கினாள். மறுநாள் ஆஸ்பத்திரி மருந்துக் கடையில் வலிக்குத் தடவும் களிம்பு ஒன்றும் வாங்கினாள்.

அன்றைக்குத்தான் பக்கத்து நாற்காலிக்காரி ஒரு சேதி சொன்னாள். "உன் போன்ல புதுசா ஒண்ணு வந்திருக்கே, போட்டுக்கலையா? படத்துல எழுத்து இருந்தா அதையும் படிக்குமாம். கொடு, நான் போட்டுத் தரேன்."

மதிய இடைவேளையில் பெரியவள் ஆசை ஆசையாகக் குடும்பக் குழுவைத் திறந்தாள். காதில் இயர்போன். பழைய படம் ஒன்றைத் தட்டினாள். சின்னவள் போட்டது.

"யாரும் எழுத்துல போடாதீங்க. அக்கா போன் படிச்சிடும். தனிக் குழுவும் வேண்டாம், அப்பா எதை எதுல போடறதுன்னு குழம்பிடுவாரு. பேப்பர்ல எழுதி, போட்டோ எடுத்துப் படமா போடுங்க. படத்தை அது படிக்காது. எனக்குத் தெரியும்."

அடுத்தது சித்தப்பா. "ஞாயிறு மாப்பிள்ளை வீட்டுல வராங்க. ஒரே பொண்ணுன்னு சொல்லியாச்சு."

அடுத்தது அம்மா. "சித்திக்கு முட்டி வலின்னு சொல்லி அனுப்பிடறேன்."

அப்பாவின் கிறுக்கலைப் போன் தட்டுத் தடுமாறிப் படித்தது. "பெத்த பொண்ணை இல்லைன்னு சொல்றது பாவம் இல்லையா?" அப்பாவாவது இருக்கிறாரே என்று அடுத்த படத்தைத் தட்டினாள். "சரி. உங்க இஷ்டம்."

கடைசிப் படம் மறுபடி சின்னவள். "அன்னிக்கு யாரும் என்னைச் சின்னவளேன்னு கூப்பிடாதீங்க. அப்போ பெரியவ எங்கேன்னு கேப்பாங்க."

எல்லாவற்றையும் ஒரே நிதானமாகப் படித்தது, சின்னவள் தேர்ந்தெடுத்துக் கொடுத்த அதே குரல். இத்தனை நாளும் வீடே கூடி அவளுக்குப் படம் காட்டியிருக்கிறது. ஊரார் ஏமாற்றியிருந்தால் திட்டித் தீர்த்திருப்பாள். இது கண்ணாக இருந்தவள் செய்தது. போன் எதைப் படிக்கும், எங்கே ஊமையாகும் என்று கூடவே உட்கார்ந்து தெரிந்துகொண்டு, அந்த இடம் பார்த்து அடித்திருக்கிறாள்.

சனிக்கிழமை சாயங்காலம் பையைத் திறந்து துணிகளைத் திரும்ப அலமாரியில் அடுக்கினாள். களிம்பை மட்டும் அம்மாவின் கையில் வைத்தாள்.

"இல்லாத வலிக்கு வாங்கினது. வச்சுக்கோம்மா."

சின்னவள்தான் முதலில் பேசினாள்.

"படத்தை எப்படிப் படிச்சே?"

மன்னிப்புக் கேட்பாள் என்று எங்கேயோ ஒரு மூலையில் எதிர்பார்த்திருந்தாள் பெரியவள். அதுவும் போயிற்று.

"போன் கத்துக்கிச்சு."

"அக்கா, புரிஞ்சுக்கோயேன். காய்ச்சல்னு சொன்னா யாரு நம்புவாங்க? ரத்தத்துலயே இருக்குன்னு பேசுவாங்க. இதுக்கு முன்னாடி வந்தவங்க ஏன் திரும்ப வரலைன்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியாது. நீ பூன்னு சொன்னே."

அம்மா அழுதாள். "உள் ரூம்லயாவது இருந்துக்கோடி. ஒரு மணி நேரம்தானே."

பெரியவள் காலிப் பையை மடித்து அலமாரிக்கு மேலே வைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை அழைப்பு மணி அடித்தபோது கூடத்தில் எல்லோரும் நாற்காலிகளை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தார்கள். பெரியவள் கதவை நோக்கி நடந்தாள். சின்னவளின் கை பாய்ந்து வந்து அவள் முழங்கைக்கு மேலே பிடித்தது. சாலையைக் கடக்கும்போதெல்லாம் பிடிக்கும் அதே பிடி, அதே இடம். இன்றைக்கு அது பின்னால் இழுத்தது.

அந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்துவிட்டு, பெரியவள் தாழ்ப்பாளை நீக்கினாள்.

"வாங்க, உள்ள வாங்க," என்றாள்.

வந்தவர்கள் வாசலிலேயே தயங்கினார்கள். "நீங்க யாரு...?" என்று ஒரு பெண் குரல் இழுத்தது.

பெரியவள் வீட்டுக்குள் திரும்பி, தினமும் கூப்பிடுகிற மாதிரியே கூப்பிட்டாள்.

"சின்னவளே! வந்துட்டாங்க பாரு."