முப்பத்தொன்பதாவது அத்தியாயத்துக்குப் பிறகு

ஐந்து நாற்பதுக்கு அலாரம் அடித்தது. றிஷி எழுந்தான். கட்டிலில் தன் பக்கத்துப் போர்வையை மட்டும் மடித்தான். மற்றப் பக்கம் குலையாமலே கிடந்தது. பல் விளக்கினான். கேத்திலைப் போட்டான். இரண்டு துண்டு பாணை ரோஸ்டரில் வைத்தான். குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டியிருந்த குப்பைத்தொட்டி அட்டவணையைப் பார்த்தான். இந்தக் கிழமை மஞ்சள் மூடி. தொட்டியை வீதியோரம் உருட்டிக்கொண்டு போய் வைத்துவிட்டுக் கை கழுவினான். ஆறு இருபத்தைந்துக்குக் காரை எடுத்தால் வெரிபீ ஸ்டேசனில் ஆறு ஐம்பத்திரண்டு மெல்பேண் ரெயினைப் பிடிக்கலாம். ஒரு வருடமாக இதில் எதுவும் மாறவில்லை.

இந்தக் கிழமை மட்டும் குசினியில் இன்னொருவர் இருந்தார். பேர்ள் மாமி, அவன் மனைவி பிறின்சியின் அம்மா. சிட்னியில், குவேக்கர்ஸ் ஹில்லில், இளைய மகள் தர்சினியோடு இருப்பவர். சனிக்கிழமை பிறின்சியின் முதலாம் ஆண்டு நினைவுப் பூசை. அதற்காக வந்திருந்தார்.

"வெறும் பாணைத் திண்டுபோட்டு ஓடாதேங்கோ தம்பி. சம்பல் போட்டிருக்கிறன்."

"நேரமில்லை மாமி."

"உங்களுக்கு எப்ப நேரம் இருந்தது? இஞ்ச, தர்சினி அட்டை அனுப்பியிருக்கிறாள். கண்ணாடியைக் காணேல்ல. வாசிச்சுக் காட்டுங்கோ."

மாமி போனை நீட்டினார். நினைவு அட்டை. மேலே பிறின்சி சிரித்துக்கொண்டிருந்தாள். அதன் கீழே பிறந்த திகதி, இறந்த திகதி, வேதாகமத்திலிருந்து ஒரு வரி. அதற்கும் கீழே, சாய்ந்த எழுத்தில், 'எங்கள் பிறின்சியின் கடைசி வார்த்தைகள்: அம்மாட்ட சொல்லுங்கோ, எனக்குப் பயமில்லை எண்டு.'

றிஷி பெயரை வாசித்தான். திகதிகளை வாசித்தான். வேத வரியை வாசித்தான். அத்தோடு நிறுத்தினான்.

"கீழ ஒண்டு இருக்குமே."

"இருக்கு."

"அதைத்தான் பாதரும் பிரசங்கத்தில எடுக்கப்போறாராம். நான் போனில சொல்ல, எழுதிவைச்சவர்." மாமி சம்பல் கோப்பையை மேசையில் வைத்தார். "எழுத்துப் பிழை இருந்தா இப்பவே சொல்லுங்கோ. ரெண்டு மணிக்கு முதல் அச்சுக்குக் குடுக்கவேணுமாம். நூற்றைம்பது அட்டை."

எழுத்துப் பிழை ஒன்றும் இல்லை. அந்த வார்த்தைகளைப் பிறின்சி சொல்லவில்லை. அவ்வளவுதான்.

மேசையில் மாமியின் செபப் புத்தகம் கிடந்தது. பக்கங்களுக்கிடையே பழைய நினைவு அட்டைகள் துருத்திக்கொண்டு நின்றன. மன்னாரில் செத்தவர்கள், கனடாவில் செத்தவர்கள், எப்படியும் இருபது பேர் இருப்பார்கள். மாமி விடியற்காலையில் ஒவ்வொரு அட்டையாக எடுத்து, பெயர் சொல்லி மன்றாடி, திரும்ப உள்ளே வைப்பார். ஞாயிற்றுக்கிழமையிலிருந்து அதற்குள் றிஷியின் பொய்யும் இருக்கும். மாமி உயிரோடு இருக்கும்வரைக்கும் தினமும் அதை எடுத்து வாசிப்பார்.

"பாத்துச் சொல்லுறன் மாமி," என்றுவிட்டு வெளிக்கிட்டான்.

ரெயின் ஏறும்போது வழக்கம்போல அந்தக் குரல் ஞாபகம் வந்தது. ஏறுங்கப்பா, வண்டி கிளம்புது.

அது 'வானத்துத் திமிங்கிலம்' தொடரில் வருகிற குரல். ஜப்பான்காரர் கீறிய கார்ட்டூன். சென்னையில் யாரோ தமிழில் பேசிக் கொடுத்தது. ஏழு பிள்ளைகள் ஓர் இரும்புத் திமிங்கிலத்தில் ஏறி, ஒரே இரவில் காணாமற்போன தங்கள் ஊரை வானமெல்லாம் தேடுவார்கள். கிளம்ப முதல் திமிங்கிலமே சென்னை பஸ் கண்டக்டர்போலக் கத்தும். மன்னாரில் பிறின்சியும் யாழ்ப்பாணத்தில் றிஷியும், ஒருவரை ஒருவர் அறியாமல், ஒரே கேபிள் அலைவரிசையில் பள்ளிக்கூடம் விட்டு வந்து அதைப் பார்த்து வளர்ந்தார்கள். மெல்பேணில் ஒரு பிறந்தநாள் வீட்டில், லிஃப்டுக்கு முன்னால் நின்ற கூட்டத்தைப் பார்த்து அவள் அச்சொட்டான சென்னைத் தமிழில் "ஏறுங்கப்பா!" என்றாள். அவன் திரும்பிப் பார்த்தான். பிறகு நடந்ததெல்லாம் அதில் தொடங்கியது.

தொடருக்கு ஐம்பத்திரண்டு அத்தியாயம். தமிழில் முப்பத்தொன்பதுதான் வந்தது. முப்பத்தொன்பது முடிந்தால் மறுநாள் மறுபடி முதலாவது. ஊர் கிடைத்ததா இல்லையா என்று அந்தத் தலைமுறைத் தமிழ்ப் பிள்ளைகளில் பாதிப் பேருக்குத் தெரியாது. இணையத்தில் மிச்சம் கிடந்தது. பிறின்சி பார்க்க மறுத்துவிட்டாள். "அந்தக் குரல் இல்லாட்டி அது வேற ஆக்கள்," என்பாள்.

போன வருடம் படம் வந்தது. இருபது வருடத்துக்குப் பிந்திய கதை. அதே ஏழு பேர், முப்பது வயதில். தமிழ்க் குரல் இல்லை. ஆனால் ஆட்கள் வளர்ந்துவிட்டபடியால் குரல் மாறியதும் நியாயம்தான் என்று அவளே தீர்ப்புச் சொன்னாள். இரண்டு பேரும் சேர்ந்து போவதென்று முடிவாயிற்று. அதற்குள் அவளுடைய இதய வால்வு முந்திக்கொண்டது. சின்ன வயதில் வந்த காய்ச்சல் விட்டுப்போன பழுது. திங்கட்கிழமை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். வெள்ளிக்கிழமை சத்திரசிகிச்சை. படம் நகரத்துத் தியேட்டரில் வியாழக்கிழமையோடு நிற்கிறது.

"நான் வீட்ட வந்தாப்பிறகு எங்கேயாவது தேடிப் பிடிச்சுப் பாப்பம். தனியப் போய்ப் பாக்கக்கூடாது. சத்தியம் பண்ணுங்கோ."

பண்ணினான்.

புதன்கிழமை மத்தியானம் அலுவலகத்தில் தலையிடி என்றான். பிறின்சிக்கு, கூட்டம் இருக்கிறது, நாலு மணிக்கு வாறன் என்று செய்தி அனுப்பினான். ஒன்றரைக் காட்சிக்குப் போனான். பெரிய திரையில் ஒருதரம் பார்த்துவிட வேண்டும், அவ்வளவுதான். அவளோடு பார்க்கும்போது முதல்தரம் பார்ப்பவன்போல நடிப்பது பெரிய வேலையா என்று நினைத்தான். வாசலில் ஆளுக்கொரு படஅட்டை கொடுத்தார்கள், திமிங்கிலம் போட்டது. சேர்ட் பையில் வைத்தான்.

படத்தின் முதல் பத்து நிமிடத்திலேயே தூக்கிப் போட்டது. தொடரில் கண்டதெல்லாம் ஏழு பேரில் கடைக்குட்டி சொன்ன கதையாம். மற்றவர்கள் தாங்கமாட்டார்கள் என்று அவன் மாற்றிச் சொல்லியிருக்கிறான். உண்மையில் நடந்தது வேறு. றிஷி கதிரை நுனிக்கு வந்துவிட்டான். சிரித்தான். ஓரிடத்தில் அழுதான். ஆஸ்பத்திரி, வால்வு, வெள்ளிக்கிழமை எல்லாம் மறந்துபோயிற்று. மாதக்கணக்கில் அவனுக்கு அப்படியொரு சந்தோசம் வாய்த்ததில்லை.

பிறகு, கிட்டத்தட்டக் கடைசியில், போன் தொடையில் அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தான். பிறின்சி. திரையில் திமிங்கிலம் மேகத்தைக் கிழித்துக்கொண்டு இறங்கிக்கொண்டிருந்தது. போனைக் குப்புறப் பிடித்துக்கொண்டான். முடிந்தவுடன் எடுப்பம். இரண்டாந்தரமும் அதிர்ந்தது. மூன்றாந்தரமும்.

வேறொரு நோயாளியின் சத்திரசிகிச்சை தள்ளிப்போனதால் பிறின்சியுடையதை முன்னுக்கு எடுத்திருந்தார்கள். அதைச் சொல்லத்தான் போன் அடித்திருக்கிறாள். படம் முடிந்து, அவள் விட்ட செய்தியைப் பார்த்து அவன் ஓடிப் போய்ச் சேர்ந்தபோது கட்டிலைத் தள்ளிக்கொண்டு போகத் தொடங்கியிருந்தார்கள். இரண்டு நிமிடம் கிடைத்தது. ஏழு மணித்தியாலத்துக்குப் பிறகு டொக்டர் வெளியே வந்து, இருங்கள் என்று கதிரையைக் காட்டினார்.

மறுநாள் சிட்னியிலிருந்து வந்த பேர்ள் மாமி அவன் கையைப் பிடித்துக்கொண்டு கேட்ட முதல் கேள்வி, "பிள்ளை கடைசியா என்ன சொன்னவள்?"

ஒரு கார்ட்டூன் படத்தைப் பற்றி என்று அவனால் சொல்ல முடியவில்லை. வாயில் வந்ததைச் சொன்னான். அது நன்றாக அமைந்துவிட்டது.

பத்து மணிக்கு அலுவலகத்தில் தர்சினியின் போன் வந்தது.

"அத்தான், ஓகேயா? அனுப்பட்டா?"

"கொஞ்சம் நில்லும்."

"எழுத்து சைஸ் சின்னனோ? லாஸ்ட் வேர்ட்ஸ் இன்னும் கொஞ்சம் பெருசாப் போடலாம்."

"இல்லை. நான் அம்மாவோட கதைச்சிட்டுச் சொல்லுறன்."

"அம்மாதானே அதைப் போடச் சொன்னவ. அத்தான், ரெண்டு மணி. பிறகு அச்சடிக்கிற ஆள் சனிக்கிழமைக்கு முதல் தரமாட்டான்."

மேலாளரிடம் தலையிடி என்றான். சொன்ன பிறகுதான், போன வருடமும் இதே பொய்யைச் சொன்னது நினைவுக்கு வந்தது. பதினொன்றே காலுக்கு மறுபடி வெரிபீயில் இறங்கினான்.

மாமி குசினி மேசையில் கருவாடு துப்புரவாக்கிக்கொண்டிருந்தார்.

"என்ன, வேலையால நிப்பாட்டிப்போட்டாங்களோ?"

"இல்லை மாமி." அறைக்குள் போய் மேசை லாச்சியைத் திறந்து அந்தப் படஅட்டையை எடுத்துக்கொண்டு வந்தான். மேசையில், கருவாட்டு வாசனைக்குத் தள்ளி, வைத்தான்.

"என்னது? அந்த மீன் படமோ?"

"திமிங்கிலம் மாமி."

"எல்லாம் ஒண்டுதான். இதுக்காக எத்தினை அடி வாங்கியிருப்பாள் தெரியுமோ? பின்னேரச் செபமாலைக்கு வரமாட்டாள். நான் ஒருநாள் டீவி வயரைப் புடுங்கி அரிசி வாளிக்குள்ள ஒளிச்சு வைச்சனான். ரெண்டு நாள் என்னோட கதைக்கேல்ல." மாமி சிரித்தார். அவன் சிரிக்காததைக் கண்டு நிறுத்தினார். "என்ன தம்பி?"

நின்றபடியே சொன்னான். சத்தியம் பண்ணியது, தலையிடி என்றது, கூட்டம் என்றது, ஒன்றரைக் காட்சி. குரல் ஏறவுமில்லை, இறங்கவுமில்லை. போன் அதிர்ந்ததைச் சொன்னான். பெயரைப் பார்த்ததையும் சொன்னான்.

"பாத்தனீங்களோ? அவள்தான் எடுக்கிறாள் எண்டு தெரியுமோ?"

"ஓம்."

"எத்தினை தரம்?"

"மூண்டு."

மாமி கத்தியைக் கீழே வைத்தார். குழாயைத் திறந்து கை கழுவினார். சவர்க்காரம் போட்டு மறுபடி கழுவினார். முதுகைக் காட்டிக்கொண்டே நின்றார்.

"பிள்ளை ஆஸ்பத்திரியில தனியக் கிடந்து..." என்றார். முடிக்கவில்லை. குழாயை மூடிவிட்டு, "அது பிழை தம்பி," என்றார். "அதுக்கு நான் ஒரு சமாதானமும் சொல்லமாட்டன். அந்தப் பிழையோடதான் நீங்கள் இருக்கவேணும்."

"தெரியும் மாமி. இன்னும் ஒண்டிருக்கு. அந்த அட்டையில இருக்கிறது... அவள் அப்பிடிச் சொல்லேல்ல. நான்தான் சொன்னனான்."

மாமி திரும்பினார். அவன் அழுகையை எதிர்பார்த்தான். ஏச்சை எதிர்பார்த்தான். மாமி கதிரையை இழுத்துப்போட்டு இருந்தார். தலையை ஆட்டினார்.

"எனக்குப் பயமில்லை எண்டு! கரப்பானைக் கண்டா மேசையில ஏறி நிக்கிறவள். ஊசி போடக் கொண்டுபோனா அந்த வளவுக்கே கேக்கும். அவள் எப்பிடி இதைச் சொன்னாள் எண்டு ஒரு வருசமா யோசிக்கிறன். என்ர பிள்ளையை எனக்கே தெரியாமப் போச்சுதோ எண்டு. பங்குக் கோயிலில எல்லாருக்கும் சொன்னனான். சொல்லிச் சொல்லியும் அது அவளின்ர வாய்க்குள்ள போய் இருக்கமாட்டன் எண்டு நிண்டது." முந்தானையால் முகத்தைத் துடைத்தார். "எனக்கு ஆறுதலா இருக்கும் எண்டு நினைச்சீங்களாக்கும்."

"ஓம்."

"பைத்தியம்."

போன் அதிர்ந்தது. தர்சினி. இருவரும் அதைப் பார்த்தார்கள். றிஷி கையை நீட்டி உடனே எடுத்தான்.

"தர்சினி, கடைசி வரியை எடுத்துவிடும். ஓம், முழுக்க. அம்மா இஞ்சதான் இருக்கிறா... பாதரிட்ட நான் கதைக்கிறன்."

வைத்தான். மாமி திமிங்கில அட்டையைக் கையில் எடுத்து, கண்ணாடி இல்லாமல், கை நீட்டித் தூரப் பிடித்துப் பார்த்தார்.

"ஊரைக் கண்டுபிடிச்சாங்களோ?" என்றார். "அவள் சின்னனில ஒவ்வொரு நாளும் கேப்பாள். அம்மா, அவங்களின்ர ஊர் கிடைக்குமோ எண்டு. நான், கிடைக்கும், படுங்கோ எண்டு சொல்லுவன். கடைசியில என்னதான் நடந்தது?"

றிஷி வாயைத் திறந்தான். அந்த முடிவை ஒரு வருடமாக அவன் ஒருவருக்கும் சொன்னதில்லை. தன்னையறியாமல் தனக்குள் நினைத்துப் பார்க்க வந்தால்கூட வேறு பக்கம் திரும்பிவிடுவான்.

"சொல்லேலாது மாமி."

"ஏன்? இப்பவும் ஒளிப்போ?"

"இல்லை. அவள் சொன்னவள்."

மாமி அட்டையைக் கீழே வைத்தார். "அதைச் சொல்லுங்கோ," என்றார். "அவள் என்ன சொன்னாளோ, அதை மட்டும் சொல்லுங்கோ. ஒண்டும் சேர்க்காதேங்கோ."

அவன் எதிர்க் கதிரையில் இருந்துகொண்டு சொன்னான். அன்றைக்கு அவன் ஓடி வந்து கட்டிலின் கம்பியைப் பிடித்தபோது பிறின்சியின் முகம் வெளிறியிருந்தது. ஓம், பயந்துதான் இருந்தாள். அவன் கையைப் பிடித்த பிடியில் நகம் பதிந்தது. ஏன் போன் எடுக்கவில்லை என்று கேட்கத்தான் வாயைத் திறந்தாள். அதற்குள் அவள் கண் அவன் சேர்ட் பைக்குப் போயிற்று. பையிலிருந்து திமிங்கிலத்தின் வால் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. கட்டில் நகர்ந்துகொண்டேயிருந்தது. அவள் வாலைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள், சிரித்தாள்.

"கள்ளன். பாத்திட்டீங்கள், என்ன? முடிவை மட்டும் சொல்லிப்போடாதேங்கோ."