பை மாற்றுகிறவள்

அருள்மொழி பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதி முடித்த கோடையில் அவளுடைய அப்பாவின் இரண்டு சிறுநீரகங்களும் வேலை செய்வதை நிறுத்திவிட்டன. சர்க்கரை நோய் வெகுகாலமாக அவரை உள்ளுக்குள்ளேயே தின்றுகொண்டிருந்தது. கால் வீங்கியபோது செருப்பு சேரவில்லை என்றார். மூச்சு வாங்கியபோது வெயில் என்றார். சிதம்பரத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ப் படுக்கவைத்த பிறகுதான் விஷயம் வீட்டுக்குத் தெரிந்தது.

ஞானசேகரன் கடலூர் மஞ்சக்குப்பத்தில் அரசு அலுவலகங்களுக்கு எதிரே மேசை போட்டு மனு எழுதிக் கொடுப்பவர். பட்டா மாறாதவர்கள், பென்ஷன் நின்றுபோனவர்கள், பாகப்பிரிவினையில் ஏமாந்தவர்கள் எல்லாரும் அவர் எதிரில் உட்கார்ந்து அழுவார்கள். அந்த அழுகையை அவர் ஒரே பக்கத்தில் அடக்கி, எந்த அதிகாரியும் தட்டிக்கழிக்க முடியாதபடி எழுதிவிடுவார். 'ஞானசேகரன் எழுத்து' என்று அந்த வட்டாரத்தில் அதற்கு ஒரு பேர் இருந்தது. வீட்டிலும் அவர் வாயிலிருந்து வந்ததுதான் முடிவு.

வயிற்றில் குழாய் பொருத்தி வீட்டிலேயே செய்துகொள்ளும் டயாலிசிஸ் அவருக்கு ஒத்துவரும் என்றார் டாக்டர். ஒரு பை மருந்துத் தண்ணீரை வயிற்றுக்குள் இறக்க வேண்டும். அது சில மணி நேரம் உள்ளே கிடந்து கழிவை இழுத்துக்கொள்ளும். பிறகு அதை வடித்துவிட்டுப் புதுப் பையை மாட்ட வேண்டும். நாளுக்கு நான்கு தடவை, ஒரு நாளும் விடாமல். அவருக்குப் பார்வை மங்கியிருந்தது, விரல்களும் நடுங்கின. வீட்டில் வேறு யாராவது கற்றுக்கொண்டே ஆக வேண்டும்.

அம்மா பொன்னிதான் முதலில் கற்றுக்கொள்ளப் போனாள். குழாயைத் திறந்து காட்டியதுமே கண் இருட்டிச் சுவரோடு சரிந்து உட்கார்ந்துவிட்டாள். அப்பாவின் அக்கா சின்னம்மாள் காட்டுமன்னார்கோயிலிலிருந்து வந்திருந்தாள். அவளைக் கேட்டார்கள். "நா மாடு கன்ன உட்டுட்டு வந்திருக்கேம்மா, அதுங்கள யாரு பாக்கறது" என்று சொல்லி, தம்பியின் நெற்றியில் திருநீறு பூசிவிட்டு பஸ் ஏறிப் போய்விட்டாள்.

"வூட்டுல வேற பெரியவங்க யாரு?" என்று கேட்டாள் நர்ஸ் சுவேதா.

"நா செய்றேன் சிஸ்டர்" என்றாள் அருள்மொழி.

சுவேதா அவளை மேலும் கீழும் பார்த்தாள். "பயமா இல்லியா?"

"இருக்கு."

"அப்ப நீ நல்லா செய்வ. பயம் இல்லாதவங்கதான் கையக் கழுவாம தொடுவாங்க."

ஒரு வாரம் பக்கத்தில் நிற்கவைத்துச் சொல்லிக் கொடுத்தாள். குழாயின் முனை காற்றைத் தவிர எதிலும் படக்கூடாது. காற்றும் அசையக்கூடாது. கிருமி உள்ளே போனால் வயிறு சீழ் பிடிக்கும். வடிகிற தண்ணீர் கலங்கி வந்தால் அதுதான் அடையாளம், அந்தப் பையோடு உடனே ஓடிவர வேண்டும்.

வீட்டில் பின்பக்க அறையை ஒழித்து வெள்ளையடித்தார்கள். கட்டிலுக்கு அடியிலும் சுவரோரத்திலும் மருந்துப் பெட்டிகள் அடுக்கிவைக்கப்பட்டன. அருள்மொழி கதவைச் சாத்துவாள், ஃபேனை நிறுத்துவாள், மாஸ்க் கட்டுவாள், முழங்கை வரை சோப்புப் போட்டுத் தேய்ப்பாள். முதல் நாள் அவள் பையோடு வந்து நின்றபோது அப்பா சட்டையை மேலே தூக்கிவிட்டு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். மகள் முன்னால் வயிற்றைத் திறந்துபோட்டுக் கிடக்கும் வெட்கம் அது. நாளடைவில் போய்விடும் என்று அவள் நினைத்தாள். போகவில்லை. தண்ணீர் இறங்கி முடியும்வரை அவர் சுவரையே பார்த்துக்கொண்டிருப்பார்.

அப்பாவின் வருமானம் நின்றதால் பொன்னி ஒரு ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவில் வேலைக்குச் சேர்ந்தாள். காலையில் போனால் கடை சாத்தும்வரை நின்றே ஆக வேண்டும். செல்போனை வாசலிலேயே வாங்கி வைத்துக்கொள்வார்கள். ஆகவே நான்கு தடவையும் அருள்மொழிதான். மத்தியான மணி அடித்ததும் பள்ளிக்கூடத்திலிருந்து சைக்கிளில் பறந்து வந்து, பையை மாற்றிவிட்டு, சோற்றை நின்றபடியே விழுங்கிவிட்டு, அடுத்த பீரியட் பாதியில் வகுப்புக்குள் நுழைவாள். உடன் படிக்கிற பெண்கள் முதலில் பரிதாபப்பட்டார்கள். அப்புறம் பழகிவிட்டது. அப்புறம் எங்கே போனாலும் அவளைக் கூப்பிடுவதை விட்டுவிட்டார்கள்.

அப்பாவுக்கு உப்பு ஆகாது, தண்ணீரும் அளந்துதான். அவர் ஊறுகாயை எடுத்து ஒளித்துவைப்பார். அவள் கண்டுபிடித்துக் கொட்டுவாள். சட்டைப் பையில் மிக்சர் பொட்டலம் இருக்கிறதா என்று தடவிப் பார்ப்பாள். கருவாட்டுக் குழம்பு வேண்டும் என்று ஒருநாள் தட்டைத் தள்ளினார்.

"கருவாடெல்லாம் கூடாதுப்பா. உடம்பு ஊதிப்பூடும்."

"நீ என்னா எனக்கு ஆத்தாளா?"

அவள் தட்டை மறுபடியும் அவர் பக்கம் நகர்த்தினாள். "சாப்புடுங்க" என்றாள். அந்தக் குரலைக் கேட்டு அவளுக்கே ஒரு மாதிரி இருந்தது. ஏதோ நடுவயதுப் பொம்பளை பேசுவதுபோல் இருந்தது.

இப்படியே ஏறக்குறைய இரண்டு வருஷம் ஓடியது. ஒரு தடவைகூடப் பை கலங்கி வரவில்லை. மாதாந்திரப் பரிசோதனைக்குச் சிதம்பரம் போகும்போதெல்லாம் சுவேதா மற்ற நோயாளிகளின் வீட்டாரிடம் அவளைக் காட்டி, "இந்தப் பொண்ணப் பாத்துக் கத்துக்குங்க" என்பாள். அருள்மொழிக்கு அப்போதெல்லாம் உச்சி குளிர்ந்துபோகும். அவளைப் பாராட்ட உலகத்தில் இருந்தது அந்த ஒருத்திதான்.

பிளஸ் டூ பரீட்சை நெருங்கிய மாசி மாதத்தில், அப்பாவின் பக்கத்து மேசைக்காரராக இருந்த கண்ணாயிரம் தன் பேரனுக்குத் திருவதிகைக் கோயிலில் காதுகுத்து என்று அழைத்துவிட்டுப் போனார். அப்பா போயே தீருவேன் என்றார். மத்தியானத்துக்குள் திரும்பிவிடுவதாகச் சொன்னவர், அவள் பார்க்காத நேரத்தில் ஒரு மருந்துப் பையையும் துணிப்பையில் வைத்து எடுத்துக்கொண்டு போயிருந்தார். விளக்கு வைத்த பிறகுதான் வந்தார். வாய் வெற்றிலையில் சிவந்திருந்தது.

"மத்தியானம் பை மாத்தலியேப்பா."

"மாத்திக்கிட்டேன். அங்கயே, கோயில் பக்கத்துல ஒரு வூட்டுல."

"யாரு போட்டா?"

"நாந்தான். எனக்குக் கை இல்லியா?"

"மாஸ்க் கட்டுனீங்களா? ஃபேன நிறுத்துனீங்களா?"

"என்னா இது, வெசாரணையா?" என்றவர் சிரித்தார். பந்தியில் பழைய ஆட்கள் எல்லாம் வந்து அவரை 'எழுத்தரய்யா' என்று சூழ்ந்துகொண்டதைச் சொன்னார். அவர் அப்படிச் சிரித்துப் பார்த்து வெகுநாளாகியிருந்தது. அவள் மேற்கொண்டு கேட்கவில்லை.

மூன்றாம் நாள் காலை அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடந்தார். உடம்பு கொதித்தது. அவள் பழைய தண்ணீரை வடித்தாள். அரிசி களைந்த தண்ணீர்போல் கலங்கி வந்தது.

பக்கத்து வீட்டுக்காரரைக் கடைக்குப் போய் அம்மாவிடம் சொல்லச் சொல்லிவிட்டு, அப்பாவைக் கைத்தாங்கலாக நடத்திப் போய்ச் சிதம்பரம் பஸ்ஸில் ஏற்றினாள். கலங்கிய பையைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டாள். புதுச்சத்திரம் தாண்டும்போது பக்கத்தில் இருந்த அம்மாள், "என்னம்மா அது, மோரா?" என்று கேட்டாள். அருள்மொழி ஆமாம் என்று தலையாட்டினாள்.

ஆஸ்பத்திரியில் சுவேதா பையைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். முகம் மாறிவிட்டது. டாக்டர் வந்தார். "எப்டி ஆச்சு? இந்த மூணு நாளா யாரு போட்டது?"

அருள்மொழி அப்பாவைப் பார்த்தாள். வலியில் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தவர் வாய் திறந்தார்.

"பொண்ணுதாங்க எப்பவும் போடுது. பரீட்ச நேரம் பாருங்க. படிக்கிற அவசரத்துல கைய சரியா கழுவாம உட்டுருக்கும். சின்னப் புள்ள, நாம என்னா சொல்றது."

எங்கேயும் ஓட்டை இல்லாத வாக்கியம். காரணம் இருந்தது, சந்தர்ப்பம் இருந்தது, கடைசியில் பெருந்தன்மைகூட இருந்தது. அத்தனை வலியிலும் ஞானசேகரன் எழுத்து பிசகவில்லை. சொல்லிவிட்டு அவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

இல்லை என்று சொல்ல அருள்மொழிக்கு ஒரு நொடி போதும். ஆனால் சொன்னால் அங்கே எல்லாரும் அவரைத்தான் பார்ப்பார்கள். சட்டையைத் தூக்கிவிட்டு, வயிறு வீங்கிக் கிடக்கிற அவரை.

"சாரி சிஸ்டர்" என்றாள்.

சுவேதா திட்டவில்லை. "ஒன்னய நம்பினேனே அருளு" என்று மட்டும் சொல்லிவிட்டு ஊசியை எடுக்கப் போனாள். அதற்குப் பிறகு அவள் யாரிடமும் அருள்மொழியைக் காட்டிப் பேசவில்லை.

மருந்து கேட்கவில்லை. குழாயை எடுத்துவிட்டார்கள். வயிற்று வழி இனி ஆகாது. இயந்திரத்தில் ரத்தத்தைச் சுத்தம் செய்ய வாரத்துக்கு இரண்டு தடவை சிதம்பரம் வரவேண்டும் என்றார்கள். ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்களில் பரீட்சை தொடங்கியது. இரண்டு பாடம் எழுத முடியாமல் போயிற்று. அம்மா அடிக்கவில்லை, கத்தவில்லை. "ஒன்ன நம்பித்தான உட்டுட்டுப் போனேன்" என்று ஒரே ஒரு தடவை சொன்னாள். சின்னம்மாள் அத்தைதான் வந்தவர்களிடமெல்லாம் சொன்னாள். "பொட்டப்புள்ள கைய நம்பி உசிர ஒப்படைச்சா இப்டித்தான். படிப்பு பெருசாப் போச்சு." அப்பா அதே அறையில்தான் கண்ணை மூடிப் படுத்திருந்தார். அவர் தூங்கவில்லை என்பது அருள்மொழிக்குத் தெரியும்.

ஆனி மாதத்தில் ஒருநாள், டயாலிசிஸ் முடிந்து கடலூருக்குத் திரும்பும் பஸ்ஸில் அவள் கேட்டுவிட்டாள்.

"அன்னிக்கு ஏம்பா அப்டி சொன்னீங்க?"

"அந்த நர்ஸம்மா திட்டுவாங்கன்னு பயந்துட்டேன்" என்றார்.

அவள் அவரைத் திரும்பிப் பார்த்தாள். கலெக்டருக்கே மனு எழுதியவர். கன்னம் ஒட்டி, கழுத்தில் குழாய்க்குப் போட்ட பிளாஸ்திரியோடு, முன் இருக்கைக் கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தார். பள்ளிக்கூடத்தில் மாட்டிக்கொண்ட பையன்போல் இருந்தார்.

"ஊரு முழுக்க நாந்தான் ஒங்களக் கெடுத்துட்டேன்னு பேசுது. அம்மாகிட்டயாவது சொல்லிடுங்கப்பா."

"சொல்றேன்."

அவள் காத்திருந்தாள். ஆடி போனது, ஆவணி போனது. அம்மாவிடம் எந்த மாற்றமும் இல்லை. அவர் சொல்லவில்லை, சொல்லவும் போவதில்லை என்று அருள்மொழி முடிவு கட்டிக்கொண்டாள். அதற்குப் பிறகு அவரிடம் தேவைக்கு மேல் ஒரு சொல் பேசவில்லை. மாத்திரை கொடுத்தாள், பஸ்ஸில் ஏற்றினாள், இறக்கினாள். இயந்திரம் ஓடும்போது பக்கத்தில் உட்காராமல் வராந்தாவில் உட்கார்ந்து, விட்டுப்போன பாடங்களைப் படித்தாள். அவர் சில சமயம் ஏதோ சொல்ல வாயெடுப்பார். அவள் புத்தகத்தைத் திறந்துகொள்வாள். ஐப்பசி மழையில் ஒருநாள், "அருளு, எம்மேல கோவமா?" என்று கேட்டார். "குடையப் புடிங்க" என்றாள் அவள்.

மார்கழியில் ஒரு காலைப்பொழுது, சிதம்பரம் புறப்படச் சட்டை மாட்டிக்கொண்டிருந்தவர் அப்படியே கட்டிலில் சாய்ந்தார். இருதயம் நின்றுவிட்டது என்றார்கள்.

கருமாதி அன்று சொந்தக்காரர்கள் கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். சின்னம்மாள் அத்தை மூக்கைச் சிந்திவிட்டு மறுபடியும் ஆரம்பித்தாள். "வயித்துல இருந்த கொழா நல்லாத்தான இருந்துச்சு. இந்தப் பொண்ணு மட்டும் அன்னிக்குக் கையக் கழுவியிருந்தா எந் தம்பி இன்னும் இருப்பான்."

"அவ இல்லீங்க அண்ணி" என்றாள் பொன்னி.

அவள் மூலையில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். குரல் உயரவில்லை. "அது அவரே போட்டுக்கிட்டது. திருவதிகைல. எங்கிட்ட சொன்னாரு."

காப்பி டம்ளர்களை எடுத்துக்கொண்டிருந்த அருள்மொழி அப்படியே நின்றாள். அம்மா எழுந்து பின்பக்க அறைக்குப் போனதும், டம்ளர்களைத் தரையில் வைத்துவிட்டு அவள் பின்னாலேயே போய்க் கதவைச் சாத்தினாள்.

"எப்பம்மா சொன்னாரு?"

"ஆடி மாசம். கூழு ஊத்துன அன்னிக்கு. சொல்லிட்டு அழுதாரு."

"ஏம்மா எங்கிட்ட சொல்லல?"

"ஒனக்குத்தான் நடந்தது தெரியுமே. புதுசா என்னா சொல்றது."

"நடந்தது தெரியும்மா. அவரு சொல்லிட்டாருங்கறது தெரியாது. சொல்லலன்னு நெனச்சிதாம்மா நா அவருகிட்ட பேசல. இத்தன மாசம் பேசல."

பொன்னிக்கு அப்போதுதான் விளங்கியது. கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "அவரால தாங்க முடியாது, நாலு பேருக்குத் தெரிஞ்சா உசுர உட்டுடுவாருன்னு பயந்தேன். நீ தாங்கிக்குவன்னு நெனச்சேன்டி" என்றாள்.

"நா தாங்கலம்மா" என்றாள் அருள்மொழி.

அம்மா அவளைத் தொட வந்தாள். அவள் விலகிக்கொண்டாள். அந்த அறையில் அப்பா படுத்த கட்டில் இன்னும் இருந்தது. அதில் ஏறாமல், வெறும் தரையில் சுவரைப் பார்த்துக் கால்களை மடக்கிப் படுத்தாள். அழுகை முதலில் சத்தமில்லாமல் வந்தது. பிறகு சத்தம் போட்டே அழுதாள். கூடத்தில் இருந்தவர்களுக்கெல்லாம் கேட்டது, யாரும் வரவில்லை. பொன்னி தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள்.

பந்தி முடிந்து, இலை எடுக்க ஆள் தேடி அத்தை வாசலில் நின்று "அருளு, அருளு" என்று கூப்பிட்டாள். அவள் எழுந்திருக்கவில்லை.

"அவ வரமாட்டா அண்ணி" என்று உள்ளேயிருந்து சொல்லிவிட்டு, பொன்னி முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு இலை எடுக்கப் போனாள்.