நிழல் விழாத தொட்டி

தாய்லாந்து நாட்டு உடோன் தானி நகரின் வடக்கு எல்லையில் சலவைக்கூடம் நடத்தும் புன்லெர்ட்டுக்கு உப்புதான் பரம எதிரி. ஆழ்துளைக் கிணற்றை எவ்வளவு ஆழம் இறக்கினாலும் உப்புத் தண்ணீரே வந்தது. அதில் அலசிய படுக்கை விரிப்புகள் பொரித்த அப்பளம் போல விறைத்து நின்றன. தாமரை ஹோட்டல் நிர்வாகி வரளக் அம்மாள், விரிப்புக் கட்டிலிருந்து ஒன்றை உருவிக் கன்னத்தில் தேய்த்துப் பார்த்த பிறகே கையெழுத்துப் போடுவார். ஏப்ரலில் அப்படித் தேய்த்ததில் கன்னம் கன்றிப் போயிற்று.

"மே பத்தாம் தேதி நானே நேர்ல வர்றேன். மழைத் தண்ணி பிடிக்கத் தொட்டி இருக்கணும். பத்து நாள் மழை பெய்யலேன்னாலும் தாங்கணும். இல்லையா, வேற ஆளைப் பாத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

கூடத்துக்கு வரும் துணியில் முக்கால் பங்கு தாமரை ஹோட்டலுடையது. அது போனால் அங்கே வேலை செய்யும் பதினோரு பெண்களையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டு, புன்லெர்ட் தன் சட்டையைத் தானே துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

எதையும் முறைப்படி செய்கிற மனிதன் அவன். நோட்டை எடுத்துக் கோடு போட்டான். கூரை அறுநூறு சதுர மீட்டர். ஒரு மில்லிமீட்டர் மழைக்கு அறுநூறு லிட்டர். கடைசி அலசலுக்கு மட்டும் மழைத் தண்ணீர் என்றால் ஒரு நாளைக்கு இரண்டாயிரம் லிட்டர். பத்து நாளைக்கு இருபதாயிரம். அளவு கிடைத்துவிட்டது. எந்தத் தொட்டி என்பதுதான் கிடைக்கவில்லை.

மண்ணில் புதைக்கலாம் என்றால், பெட்ரோல் பங்க்காரர் புதைத்த கதை கண்முன் நின்றது. போன மழையில் நிலத்தடி நீர் ஏறியதும், காலியாகக் கிடந்த தொட்டி நீர்யானை மாதிரி தரையைப் பிளந்துகொண்டு தலையை நீட்டியது. நோட்டில் அந்த யோசனையை அடித்தான். கறுப்புப் பிளாஸ்டிக் தொட்டிகள் பத்து வைத்தால் துணி லாரி திரும்ப வழியில்லை. அதையும் அடித்தான்.

அப்போதுதான் தொட்டி வியாபாரி நொய் வந்தான். தாய்லாந்து மொழியில் அதற்குப் 'பொடியன்' என்று பொருள்; பிறந்தபோது ஆசையாக வைத்த பெயர். ஆள் இப்போது தொண்ணூறு கிலோ.

"அண்ணே, கோபுரத் தொட்டிதான் உங்களுக்குச் சரி. எஃகு. ஒயின் கோப்பை மாதிரி கீழ ஒல்லி, மேல அகலம். தரையில நாலடி இடம் போதும். பதினஞ்சு மீட்டர் ஒசரம். ஊரே பாக்கும்!"

இஸ்திரிப் பிரிவின் தலைவி சமோன் அக்கா பெட்டியைக் கீழே வைத்தாள்.

"ஊர் பாக்கறது இருக்கட்டும் தம்பி. ஐயா வீட்டு மேல நிழல் விழுமா?"

ஐயா என்றால் முற்றத்து ஓரத்தில், ஒற்றைத் தூண்மேல் நிற்கும் சின்ன வீட்டில் குடியிருக்கும் நிலத்துக் காவல் தெய்வம். தினமும் காலையில் அவருக்கு மாலையும், உறிஞ்சுகுழல் போட்ட சிவப்பு சோடாவும் தவறாது. அவர் வீட்டின்மேல் கட்டட நிழல் விழலாகாது; விழுந்தால் தொழில் படுத்துவிடும்.

"நான் அளக்காம வாங்குவேனா அக்கா?" என்றான் புன்லெர்ட்.

அளந்தான். கோபுரத்தின் உயரத்துக்கு இரண்டு மூங்கில்களைச் சேர்த்துக் கட்டி நட்டான். எல்லா இயந்திரங்களும் ஓய்கிற நேரம் பார்த்து, நண்பகல் பன்னிரண்டு மணிக்கு நாடாவை விரித்தான். மே மாத வெயில் உச்சந்தலைக்கு நேராக நின்றது. நிழல் பயந்த நாய்க்குட்டி போல மூங்கிலின் காலடியிலேயே சுருண்டு கிடந்தது. 'நிழல்: ஒரு சாண்' என்று எழுதி, அடியில் இரண்டு கோடும் போட்டான்.

ஆறாம் தேதி காலை எட்டு மணிக்குக் கிரேன் தொட்டியைத் தூக்கியது. தொட்டி நிமிர நிமிர, அதன் நிழல் மேற்குப் பக்கமாக நீண்டது. முற்றத்தைத் தாண்டியது. தூணில் ஏறியது. ஐயாவின் வாசலில் போய்ச் சட்டமாக உட்கார்ந்துகொண்டது.

"இறக்காதே!" என்று பதினோரு பெண்களும் ஒரே குரலில் அலறினார்கள். கிரேன்காரன் பிரேக்கை மிதித்தான். தொட்டி அந்தரத்தில் ஆடியது. அதன் நிழல் ஐயாவின் கூரையைத் துடைப்பம் போலப் பெருக்கியது.

"இடது பக்கம் கொண்டு போ!" என்றான் புன்லெர்ட்.

இடது பக்கம் போனதும் நிழல் மதிலைத் தாண்டி, நூடுல்ஸ் கடைக்காரி பிம்ஜையின் தெய்வத்தின்மேல் விழுந்தது. அவள் கரண்டியோடு ஓடி வந்தாள்.

"உன் தொட்டியை உன் சாமி தலையில வை! என் சாமி என்னய்யா பண்ணிச்சு உனக்கு? அங்க பாரு, குழம்பு பொங்கி வழியுது!"

"அது நீங்க அடுப்பை அணைக்காம வந்ததால அக்கா" என்றான் நொய்.

"இவன் வேறயா? தொட்டியை விட இவன் நிழல்தான்யா பெருசு!"

கிரேன்காரன் ஜன்னல் வழியே தலையை நீட்டினான். "முதலாளி, சாமிங்க பேசி முடிக்கட்டும். எனக்கு மணிக்கணக்குதான் வாடகை."

சமோன் அக்கா நோட்டைப் பிடுங்கிப் பார்த்தாள். "ஒரு சாணா? தம்பி, சூரியன் காலையில உதிக்கறதை யாரும் உனக்குச் சொல்லலையா?"

ஐயாவை இடம் மாற்றலாம் என்றால், அதற்கு நாள் பார்த்துச் சடங்கு செய்ய வேண்டும். நல்ல நாள் ஜூனில்தான் இருந்தது. கோபுரம் வந்த வழியே திரும்பியது. வரளக் அம்மாள் வர நாலே நாள். வானத்தில் கருமேகம் வேறு கூடிவிட்டது.

அன்று மாலை நொய் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தான். லாரியில் சாம்பல் நிறத்தில் ஒரு மூட்டை.

"அண்ணே, மூணு வருஷமா யாரும் சீண்டாத சரக்கு. தலையணைத் தொட்டி. கெட்டித் துணி, மேல ரப்பர் பூச்சு. விரிச்சா ஆறு மீட்டருக்கு அஞ்சு. நெறஞ்சாலும் இடுப்பளவுதான் ஒசரம். சின்ன பம்பு ஒண்ணு வச்சா போதும்."

"நிழல்?"

"படுத்துக் கிடக்கறதுக்கு ஏதுண்ணே நிழல்?"

பெண்கள் பாய் விரித்துச் சாப்பிடும் கொட்டகை மட்டுமே அதற்குப் பொருந்தியது. அங்கே விரித்து, கூரைக் குழாயை வடிகட்டியோடு இணைத்தார்கள். இலையும் பறவை எச்சமும் அடித்துவரும் முதல் தண்ணீர் தனியே போகவும் வழி செய்தார்கள். 'ஏறக் கூடாது' என்று நொய் அட்டை எழுதி மாட்டினான். ஐயாவுக்கு அன்று இரண்டு சோடா. பிம்ஜையின் சாமிக்கும் ஒன்று போயிற்று.

ஏழு, எட்டு, ஒன்பது என்று மூன்று நாளும் கொட்டித் தீர்த்தது. தலையணை உப்பியது.

பத்தாம் தேதி வரளக் அம்மாள் சொன்ன நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்பே, சாப்பாட்டு வேளையில் வந்து நின்றார். இயந்திரங்கள் ஓய்ந்திருந்தன. புன்லெர்ட் வாயில் ஒட்டரிசிச் சோற்றோடு ஓடி வந்தான். அம்மாள் முற்றத்தைச் சுற்றினார், கூரையைப் பார்த்தார், மதிலுக்குப் பின்னாலும் எட்டிப் பார்த்தார்.

"தொட்டி எங்கே?"

"கொட்டகையில இருக்கும்மா."

கொட்டகையில் பதினோரு பெண்கள் வரிசையாகப் படுத்து, மெல்ல ஏறி இறங்கிக்கொண்டிருந்தார்கள். ஓரத்தில் படுத்திருந்த சமோன் அக்காவின் காலுக்கடியில் நொய்யின் அட்டை கிடந்தது.

"தொட்டி கேட்டா மெத்தையைக் காட்டறியா? என்னை என்ன கேனைன்னு நெனச்சியா?" வெயிலில் அலைந்த களைப்பும் கோபமுமாக அம்மாள் அதன் விளிம்பிலேயே தொப்பென்று உட்கார்ந்தார். அலை புறப்பட்டது. மறுகோடியில் இரண்டு பெண்கள் எழும்பி விழுந்தார்கள். திரும்பி வந்த அலை அம்மாளை மல்லாக்கச் சாய்த்தது.

புன்லெர்ட் கைகூப்பினான். "இப்ப நீங்க படுத்திருக்கீங்களே, அதான்மா தொட்டி. இருபதாயிரம் லிட்டர்."

அம்மாள் எழுந்திருக்கவில்லை. கையை மட்டும் நீட்டினார். சமோன் அக்கா மழைத் தண்ணீரில் அலசிய விரிப்பு ஒன்றை அதில் வைத்தாள். அவர் அதைக் கன்னத்தில் வைத்துத் தேய்த்தார். இன்னொரு தடவை தேய்த்தார். பிறகு மடித்துத் தலைக்கு அண்டக் கொடுத்துக்கொண்டார். பதினோரு பெண்களும் மூச்சை அடக்கிக்கொண்டிருந்ததில் தொட்டிகூட அசையவில்லை.

"ஒரு வருஷத்துக்கு ஒப்பந்தம் எழுதிக் கொண்டா, கையெழுத்துப் போடறேன்" என்றார் கண்ணை மூடியபடியே. "அவசரம் இல்லை. அரை மணி நேரம் கழிச்சு எழுப்பு."