கன்னிக்கு ஒரு முகம்

மொக்கையன் அண்ணன் தன் மகன் பாண்டியராஜனோடு எழுமலையிலிருந்து என் கடைக்கு வந்து, "பாய், எங்க சாமிக்கு ஒரு மூஞ்சி வேணும்" என்றபோது எனக்குச் சிரிப்புதான் வந்தது. விளாங்குடியில் பதினாறு வருடமாக ஃப்ளெக்ஸ் கடை வைத்திருக்கிறேன். கல்யாணம், காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி எல்லாம் பார்த்தாயிற்று. முகமே இல்லாத ஒன்றுக்கு முகம் கேட்டு வந்தவர்கள் இவர்கள்தான்.

அவர்கள் குலசாமி ஒரு கன்னி. நாலு தலைமுறைக்கு முன்னால், பதினெட்டு வயதில் கிணற்றில் விழுந்து செத்துப்போன அவர்கள் வீட்டுப் பெண். சிலை கிடையாது, படம் கிடையாது. ஒரு மரப்பெட்டிக்குள் சேலை மட்டும் இருக்கிறது. சிவராத்திரிக்குத் திறந்து கும்பிட்டுவிட்டு மூடிவிடுவார்கள். போன வருடம் பக்கத்து ஊர்க்காரர்கள் தங்கள் சாமிக்கு இருபது அடியில் ஃப்ளெக்ஸ் வைத்ததில் இவர்களுக்கு ரோஷம் வந்துவிட்டது.

"எங்கிட்டாச்சும் இருந்து எடுத்து ஒட்டிறாதீங்க பாய். எங்க வீட்டுப் புள்ளயாத் தெரியணும்" என்றார் மொக்கையன்.

என்னிடம் போய் இதைச் சொல்கிறாரே! ஆளாளுக்குக் கம்ப்யூட்டரிடம் கேட்டுப் படம் வாங்கிக்கொள்கிற இந்தக் காலத்திலும் ஒவ்வொரு சாமியையும் கையால் வரைகிறவன் இந்த பீர் முகமது. அதில் எனக்கு ஒரு தொழில் ரகசியமும் உண்டு. முகத்தில் எல்லாம் அளவாக இருந்தால் அது பொம்மை. எங்கேயாவது ஒரு சின்னக் குறை வைக்க வேண்டும். ஒரு பல் லேசாக ஏறியிருக்கலாம், மூக்குத்தி ஓட்டை தள்ளியிருக்கலாம். அப்போதுதான் படம் மூச்சு விடும். இதைச் சொன்னால் என் மனைவி சுஃபியாவுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"மறுமையில, இம்புட்டு வரைஞ்சியே, அம்புட்டுக்கும் உயிர் குடுன்னு கேப்பாங்க. அப்பத் தெரியும்."

"அம்புட்டுக்கும் உயிர் குடுத்தா ரேஷன் கார்டு யாரு குடுப்பா?" என்பேன். பள்ளிக்கூடம் விட்டு வந்து கடையில் வீட்டுப்பாடம் எழுதும் ஒன்பது வயது மகள் ஷிபா விழுந்து விழுந்து சிரிப்பாள்.

கண்ணை மூடினேன். கிணற்றடியில் ஒரு பெண் நின்றாள். அகல நெற்றி, கொஞ்சம் கோபமான வாய். இடது காது மடலைக் கிழிந்ததாகப் போட்டேன். சின்ன வயதில் தோடு எதிலோ மாட்டி அறுத்திருக்கும் என்று ஒரு கதை தானாக வந்தது. பாண்டியராஜனுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். நீல டிக் விழுந்தது. மூன்று நாளாகப் பதிலே இல்லை.

நாலாம் நாள் காலை பதினோரு மணிக்கு ஒரு பெண் கடைக்குள் வந்தாள். வெயிலுக்குத் துப்பட்டாவைத் தலையோடு முகத்தையும் மூடிச் சுற்றியிருந்தாள். "மொக்கையன் மக ரோகிணிண்ணே" என்று அதை அவிழ்த்தாள். அதே நெற்றி. அதே வாய். இடது காது மடல் கிழிந்து இரண்டாகப் பிரிந்து கிடந்தது.

"என்னைய எங்கண்ணே பாத்தீங்க?"

"அல்லா மேல சத்தியமாப் பாக்கலம்மா. மனசுல வந்துச்சு, வரைஞ்சேன்."

அவள் அண்ணனின் வாட்ஸ்அப் படத்தில் பார்த்திருப்பேனோ என்று அதையும் திறந்து பார்த்தேன். அதில் ஒரு ஜல்லிக்கட்டுக் காளை நின்றது.

அவள் அழவில்லை. அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது. சென்னை ஆஸ்பத்திரி ஒன்றில் நர்ஸ் வேலை கிடைத்து, அடுத்த மாதம் சேர வேண்டியவள். படம் வந்த நாளிலிருந்து அப்பா வாசலைத் தாண்ட விடவில்லையாம். கன்னியே திரும்பிப் பிறந்து வந்திருக்கிறாள், எங்கே அனுப்புவது என்கிறாராம். தோழி வீட்டுக்கு என்று பொய் சொல்லிவிட்டு வந்திருந்தாள்.

"நான் உள்ள வந்தா எந்திரிச்சு நிக்கிறாருண்ணே. 'வாங்க தாயி'ங்குறாரு. பெத்த மகளை! எங்கம்மா எனக்குத் தனித்தட்டுல சோத்த வச்சுட்டு, நான் திங்கிறதக் கையக் கட்டிப் பாத்துக்கிட்டு நிக்கிது. நான் இன்னும் சாகலைண்ணே." கொஞ்சம் மூச்சு வாங்கினாள். "யாரு மாதிரியும் இல்லாத மூஞ்சியாப் போட்டு அனுப்புங்க. இல்லாட்டி என்னைய அந்தப் பெட்டிக்குள்ள வச்சுப் பூட்டிருவாங்க."

அன்று மதியமே ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உட்கார்ந்தேன். கண்ணை மூடினால் ரோகிணிதான் வந்தாள். சாயங்காலம் ஷிபா வந்து, சத்தமாக எட்டாம் வாய்ப்பாடு படித்துக்கொண்டிருந்தபோது திடீரென்று கை ஓடத் தொடங்கியது. பதினெட்டு வயது முகம் ஒன்று. கூரான தாடை, கொஞ்சம் தூங்கினாற்போல் கண்கள். குறைக்கு, வலது புருவத்தின் நடுவில் முடி முளைக்காத ஒரு வெட்டு. இந்தத் தடவை சும்மா விடவில்லை. என் அக்கா, சுஃபியாவின் தங்கைகள், தெருப் பெண்கள், சினிமா நடிகைகள் என்று ஒவ்வொருத்தியாக நினைத்து ஒப்பிட்டுப் பார்த்தேன். ஒருத்தி ஜாடையும் இல்லை. 'முன்ன அனுப்புனது தப்புண்ணே, இதுதான் சாமி' என்று எழுதி அனுப்பினேன்.

பத்து நிமிடத்தில் ஃபோனில் மொக்கையன் குரல் வந்தது. "ஆமா பாய். இதுதான். இது வேற புள்ள." அப்படியொரு நிம்மதி அந்தக் குரலில். எனக்கும்தான்.

சிவராத்திரி முடிந்து மூன்று வாரம் கழித்து மொக்கையனின் மனைவி அன்னக்கொடி அக்கா ஒரு பை கத்தரிக்காயோடு கடைக்கு வந்தார். ரோகிணியைச் சென்னை பஸ்ஸில் ஏற்றிவிட்டு, எனக்காகச் சுற்றிக்கொண்டு வந்தாராம்.

"உங்க புண்ணியம் பாய். எம்புள்ள எனக்குப் புள்ளயாவே திரும்பக் கெடைச்சா" என்று கண்ணைத் துடைத்தார். "ஃப்ளெக்ஸ எறக்க மனசு வரல. பெட்டிக்கு மேல செவுத்துலயே அடிச்சிட்டோம். தெனமும் வெளக்குப் போட்டு அந்த மூஞ்சியவே பாத்துக்கிட்டு இருக்கேன். கண்ண மூடுனாலும் அதான் நிக்கிது."

சந்தோஷமாக இருந்தது. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காரச் சொல்லி, டீ சொல்லிவிட்டேன். வீட்டில்தான் கொஞ்சம் கஷ்டம் என்று பேச்சோடு பேச்சாகச் சொன்னேன். போன வாரம் ஷிபா பள்ளிக்கூடப் படியில் விழுந்து மூன்று தையல்; நெற்றியை மூடிய கட்டைத்தான் நான் பார்த்திருக்கிறேன். இன்றைக்குத்தான் கட்டுப் பிரிக்க சுஃபியா கூட்டிக்கொண்டு போயிருக்கிறாள்.

டீ வருவதற்குள் அவர்களே வந்துவிட்டார்கள். சுஃபியா வெளியே செருப்பைக் கழற்றிக்கொண்டிருக்க, ஷிபா முதலில் உள்ளே ஓடி வந்தாள். "அத்தா, வலிக்கவே இல்ல, பாருங்க" என்று முடியை ஒதுக்கி முகத்தைத் தூக்கினாள். நெற்றியில் ஒன்றுமில்லை. வலது புருவத்தின் நடுவில், முடியை இரண்டாகப் பிளந்துகொண்டு ஒரு கோடு போயிருந்தது. ஒன்பது வருடம் கூட்டிப் பார்த்தால், ஃப்ளெக்ஸில் நான் வரைந்த அதே முகம்.

அல்லா, இது என் பிள்ளை.

அன்னக்கொடி அக்கா ஸ்டூலிலிருந்து மெல்ல எழுந்தார். முந்தானையை இழுத்துச் செருகினார். கையைக் கட்டிக்கொண்டார்.

"வாங்க தாயி" என்றார்.

ஷிபா, தனக்குப் பின்னால் யாரோ பெரியவர்கள் வருகிறார்களாக்கும் என்று, சிரித்துக்கொண்டே வழிவிட்டு ஒதுங்கி நின்றாள்.